62 பர்சென்டைல் 62 சதவீதம் ஆன கதை: ஆட்தேர்வு மதிப்பெண்ணை எதிர்த்துக் கேட்ட அனுபவம்

"நிர்ணயிக்கப்பட்ட 65-ஐ எட்டவில்லை, நீங்கள் பெற்றது 62." வேலைக்கான ஆப்டிட்யூட் டெஸ்ட் (திறனறித் தேர்வு) முடிந்ததும் வந்த மின்னஞ்சலில் இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பெரும்பாலானவர்கள் இதோடு விட்டுவிடுவார்கள். விடாமல் கேட்டதில் விஷயம் சரியாகிவிட்டது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. டெஸ்டில் எந்தக் கோளாறும் இல்லை, அதன் ரிப்போர்ட்டை ஒருவர் ஒழுங்காகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பித்தது, லாகின் செய்தது, 50 கேள்விகளுக்கு விடையளித்தது எல்லாம் வழக்கம்போல. சிக்கல் ஆரம்பித்தது முழு ஸ்கோர் ரிப்போர்ட்டைக் கேட்டபோதுதான். "ரிப்போர்ட்டை வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை, டெஸ்ட் நடத்திய கம்பெனியைக் கேளுங்கள்" என்றது ஆட்தேர்வுப் பிரிவு. டெஸ்ட் கம்பெனியோ, "முடிவுகள் வேலை தரும் நிறுவனத்துக்குச் சொந்தம், அவர்களிடம் கேளுங்கள்" என்றது. இந்தப் பந்தாட்டத்தில் சிக்கினால் முதல் சுற்றிலேயே களைத்துவிடுவோம். ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்பாதீர்கள், கேள்விகளைப் பிரித்து அனுப்புங்கள். திருத்தியதில் பிழை, கடிகாரப் பிரச்சினை, கேள்வியில் தவறு எல்லாம் டெஸ்ட் கம்பெனியின் பொறுப்பு. கட் ஆஃப் எவ்வளவு, எந்த எண்ணை வைத்து முடிவெடுத்தார்கள், அந்த டெஸ்ட் இந்த வேலைக்குப் பொருந்துமா என்பதெல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் மூன்று தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து 2014-இல் புதுப்பித்த தேர்வுத் தரநெறிகளும், மதிப்பெண்ணைச் சரியாகப் பயன்படுத்தும் பொறுப்பு பெருமளவு அதைப் பயன்படுத்துபவருடையது என்றே சொல்கின்றன. கடிதத்தில் இதை ஒரு வரியில் குறிப்பிட்டதும் பதிலின் தொனியே மாறியது.

கைக்கு வந்த ரிப்போர்ட் ஒரே பக்கம். ரா ஸ்கோர், அதாவது சரியான விடைகளின் எண்ணிக்கை, 34. அதற்குப் பக்கத்தில், பட்டதாரிகளோடு ஒப்பிட்ட பர்சென்டைல் 62. ஒப்பீட்டுக் குழுவில் 62 சதவீதம் பேர் நமக்குக் கீழே என்பதுதான் இந்த 62-க்கு அர்த்தம். 50-க்கு 34 என்பது 68 சதவீதம். கட் ஆஃப் 65 சதவீதம் என்றால் பாஸ். ஆட்தேர்வுப் பிரிவின் எக்ஸெல் ஷீட்டிலோ "ஸ்கோர்" என்று மொட்டையாக ஒரு நெடுவரிசை, அதில் பர்சென்டைல் ஏறியிருந்தது. முன்பு வேறொரு டெஸ்ட் வாங்கியிருந்தபோது ரிப்போர்ட்டில் சதவீதம்தான் வரும். டெஸ்ட் மாறியது, ஷீட்டும் மாறவில்லை, 65-உம் மாறவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்வார்களா? "சிஸ்டத்தில் 62 என்றுதான் காட்டுகிறது" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார் ஆட்தேர்வுப் பிரிவில் இருந்தவர். அங்கே விளக்கம் கொடுத்துப் பயனில்லை. ரிப்போர்ட்டில் அந்த இரண்டு எண்களையும் வட்டமிட்டு, "இதில் எதற்கு 65 கட் ஆஃப்?" என்று எழுத்தில் கேட்டதுதான் வேலை செய்தது. எந்த எண்ணைச் சொன்னாலும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டுமே! மேலதிகாரிக்குப் போன பிறகுதான் யாரோ ரிப்போர்ட்டைத் திறந்தே பார்த்தார்கள்.

பர்சென்டைலே பயன்படுத்துகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்தக் குழுவோடு ஒப்பிட்டது என்று கேளுங்கள். அதே 34, பள்ளி முடித்தவர்களின் பட்டியலில் ஒரு பர்சென்டைல், பட்டதாரிகளின் பட்டியலில் வேறொன்று. குழுவின் பெயர் இல்லாத பர்சென்டைலுக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்தது கட் ஆஃப். 65 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு "எப்போதும் அதுதான்" என்று பதில். இது புதிய வியாதி இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் தீர்ப்பளித்த கிரிக்ஸ் வழக்கில் ஒரு மின் நிறுவனம் இரண்டு ரெடிமேட் டெஸ்ட்களை வைத்து ஆளெடுத்தது. கட் ஆஃப் என்ன தெரியுமா? ஏறத்தாழ பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் தேசிய இடைநிலை மதிப்பெண். பள்ளி முடித்தவர்களிலேயே பாதிப் பேரைக் கழிக்கும் எண் அது. வேலையைச் செய்யும் திறனுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நிறுவனத்தால் காட்ட முடியவில்லை, தோற்றது. கட் ஆஃபுக்கு மேல் எல்லையும் இருக்கலாம் என்பது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு நகரக் காவல் துறை, அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு வேலை சீக்கிரம் அலுத்துவிடும் என்று சொல்லி, 50-க்கு 33 எடுத்த ஒருவரை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. ஆகவே விளிம்பு இரண்டு பக்கமும் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

கட் ஆஃபுக்கு ஓரிரு மதிப்பெண் கீழே நிற்பவர்களுக்குப் பெரிய ஆயுதம் அளவீட்டுப் பிழை, அதாவது ஒருவரின் மதிப்பெண் தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்ற அளவு. டெஸ்டின் தொழில்நுட்ப மேனுவலில் நம்பகத்தன்மை எண்ணும் (முடிவு எவ்வளவு நிலையானது என்று 0 முதல் 1 வரை காட்டுவது) திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) இருக்கும். ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு நம்பகத்தன்மை 0.84, திட்ட விலக்கம் 7 என்றால் 0.16-இன் வர்க்கமூலம் 0.4, பிழை 2.8 மதிப்பெண். 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் அதன் ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது இரு பக்கமும் ஐந்தரை. 65 சதவீதம் என்றால் 50-க்கு 33 வேண்டும். 32 எடுத்தவரை வெளியே தள்ளி 33 எடுத்தவரை உள்ளே விடும்போது அந்த டெஸ்டால் பிரித்துச் சொல்லவே முடியாத ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். இந்தக் கணக்கைக் கடிதத்தில் நாலு வரியில் போடுங்கள். மேனுவல் முழுவதும் தர மாட்டார்கள், அந்த இரண்டு எண்களை மட்டும் கேட்டால் தருவார்கள்.

"எங்கள் டெஸ்ட் வேலைத்திறனைக் கணிக்கிறது" என்று சொல்லி ஒரு விளம்பரக் கையேடும் அனுப்பினார்கள். அதில் டெஸ்ட் மதிப்பெண்ணும் வேலைத்திறனும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழு 0.3 என்று பெருமையாக இருந்தது. அதை வர்க்கப்படுத்தினால் 0.09. வேலையில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் 9 சதவீதத்தைத்தான் அந்த டெஸ்ட் விளக்குகிறது. நூற்றுக்கணக்கான பேரிலிருந்து முதல் சுற்று வடிகட்ட அது ஓரளவு உதவும், மறுக்கவில்லை. ஒரே எண்ணை வைத்து ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்த அது போதாது. அந்த 0.3-உம் எந்த வேலை செய்பவர்களிடம் எடுத்தது என்று பாருங்கள். இங்கே அது விற்பனைப் பணியாளர்களிடம் எடுத்தது, விண்ணப்பித்த வேலையோ கணக்குப் பிரிவில்.

திருத்தியதிலேயே தப்பு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கையால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 2005 அக்டோபரில் நடந்த எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் விடைத்தாள்களில் ஈரம் ஏறி ஸ்கேனர் சரியாகப் படிக்காததால் 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. இரண்டே மாணவர்கள் கையால் திருத்தக் கேட்டதில்தான் அது வெளியே வந்தது. 2000-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கணிதத் தேர்வு விடைக்குறிப்பிலேயே தவறு, சுமார் 8,000 பேருக்கு ஃபெயில் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். மகளின் தாளைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒரு அப்பா பிடிவாதம் பிடித்திருக்காவிட்டால் அதுவும் மூடியே இருந்திருக்கும். ஒரே எச்சரிக்கை: மறுதிருத்தத்தில் மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு. குறைந்தால் எது நிற்கும் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். கேள்வித்தாளைக் கொடு என்று கேட்டால் மறுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அதே கேள்விகள் அடுத்தவருக்கும் போகும். உங்கள் விடைகளையும் விடைக்குறிப்பையும் அவர்கள் முன்னிலையில் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஆன்லைனில் இணைப்பு அறுந்தாலும் பல டெஸ்ட்களில் கடிகாரம் நிற்பதில்லை என்பது பலருக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. அறுந்தவுடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்போதே ஹெல்ப்டெஸ்கில் புகார் எண் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு விடையும் எத்தனை மணிக்குப் பதிவானது என்ற சர்வர் லாக் அவர்களிடம் இருக்கும், ஆனால் காலாகாலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். முதல் கடிதத்திலேயே "லாகை அழிக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். பார்வைக் குறைபாடு, டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிரமம்) போன்றவற்றுக்குக் கூடுதல் நேரம் வேண்டுமானால் டெஸ்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எழுதி முடித்த பின் கேட்டால் எந்த நிறுவனமும் அசையாது.

மறுதேர்வு எழுதச் சொல்லி ஆசை காட்டினார்கள். ஏற்கவில்லை. மறுதேர்வுக்குச் சம்மதித்தால் பழைய தப்பை யாரும் திருத்தப்போவதில்லை, புதிய மதிப்பெண் அதன் மேல் போர்வை போர்த்திவிடும். ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்ததுதான் பிரச்சினை என்றால் மறுதேர்வு தேவையே இல்லை. கடிகாரமோ இணைப்போ கெட்டுப்போயிருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், அதுவும் வேறு கேள்வித்தாள் தருவார்களா, எந்த மதிப்பெண் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்ட பிறகு.

ஒருவழியாக நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வருத்தமோ விளக்கமோ இல்லை, தேதியும் நேரமும் மட்டும். அதே ஷீட்டில் அதே நெடுவரிசையால் கழிந்துபோன மற்றவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. அழைப்பு வந்துவிட்டது என்று நீங்களும் ஓய்ந்துவிடாதீர்கள். விண்ணப்பப் பதிவில் "62, தகுதி இல்லை" என்பது அப்படியே கிடக்கும். அதே நிறுவனத்தில் அடுத்த முறை வேறு வேலைக்கு விண்ணப்பித்தால் அந்தப் பழைய வரிதான் முதலில் வந்து நிற்கும். பதிவு திருத்தப்பட்டது, ரா ஸ்கோர் 34, தகுதி உண்டு என்று தேதி போட்ட கடிதம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்; தொலைபேசியில் "மாற்றிவிட்டோம்" என்றால் ஏற்காதீர்கள்.