எம்.ஜி.பி உள்பக்கம் கழற்றும் நாட்குறிப்பு, சுங்கை சிப்புட், மலேசியா

1 மார்ச் 2025, சனி

இன்று கழற்ற ஆரம்பித்தாச்சு. 1966 எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் கார், துணிக்கூரை மாடல், இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. பல வருடம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் கிடந்த வண்டி. பழைய காரைப் புதுப்பிப்பதென்றால் முதலில் பெயிண்ட் அடி, உள்ளே அப்புறம் பார்க்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன், கம்பளத்துக்குக் கீழே தரை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மேலே பணத்தைக் கொட்டி என்ன பயன்?

முதல் வேலை பேட்டரி. சீட்டுக்குப் பின்னால், மூடிக்கு அடியில், 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி-யில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டி உடம்போடு இணைந்திருப்பது, அதனால் பாசிட்டிவ் வயரைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

2 மார்ச், ஞாயிறு

சீட் இரண்டும் வெளியே வந்துவிட்டன. பின்னால் தள்ளினால் முன் போல்ட் தெரியும், முன்னால் தள்ளினால் பின் போல்ட். எல்லாம் அங்குல சைஸ், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் தலை வழுக்கிவிடும். நேற்று ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வைத்ததால் ஒன்றுதான் முரண்டு பிடித்தது. சீட் தண்டவாளத்துக்குக் கீழே மரப்பட்டைகள் வைத்திருக்கிறார்கள், ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கையில் எடுத்தாலே உதிர்கிறது. அதன் கீழே உள்ள தகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாமா வந்து பார்த்தார், நாற்பது வருடம் பட்டறையில் இருந்தவர். கிழிந்த தோலைத் தூக்கிப் போடப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "எதையும் வீசிடாதப்பா, குஷன் தைக்கிறவனுக்குப் பழசுதான் அளவு" என்றார். எல்லாவற்றையும் மூட்டை கட்டி அட்டத்தில் போட்டிருக்கிறேன்.

8 மார்ச், சனி

கம்பளம், அதற்குக் கீழே பழைய ஃபெல்ட், அதற்கும் கீழே தார் ஷீட். ஃபெல்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது, இத்தனைக்கும் வண்டி கூரைக்குக் கீழேதான் நிற்கிறது! தார் ஷீட்டை ஹீட் கன் காட்டிச் சுரண்டினேன், நாள் முழுக்க அதே வேலை. இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் கை நுழையும் அளவு ஓட்டை, வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. தரையைத் தட்டிச் செய்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் புதுத் தரை போட்டால் மூன்று மழைக்காலத்தில் திரும்ப இதே கதை. எனக்கு அதுதான் முக்கியம்.

9 மார்ச், ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கம்பி ஜாலி இருக்கிறதல்லவா, அதில் வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஜாலிக்குக் கீழே உள்ள அறையில் விழும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக கியர்பாக்ஸ் சுரங்கத்துக்குள் (தரை நடுவே மேடாக ஓடும் பகுதி) இறங்கிக் கீழே ஊற்ற வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. குழாய் நிறைய மக்கிய இலையும் மண்ணும். தேங்கிய தண்ணீர் வழிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள காற்று மூடி வழியாகக் காலடியில் கொட்டுகிறது. வெயில் மழை இரண்டிலும் வெளியே நின்ற காலத்திலிருந்தே இப்படித்தான் குடித்துக்கொண்டு இருந்திருக்கும். பழைய எம்.ஜி.பி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்.

22 மார்ச், சனி

டேஷ்போர்டு வெளியே வந்தது. வயர் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போட்டோ, பிறகு பெயர்ச்சீட்டு ஒட்டினேன். மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் வயர் நிறங்கள் உதவியாக இருக்கின்றன: பழுப்பில் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக வரும், வெள்ளையில் சாவி திருப்பினால் வரும், பச்சையில் அதே ஃபியூஸ் தாண்டி வரும், கறுப்பு எர்த்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டியான சில்லில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, தகரக் கூரையும் இல்லாததால் பலமெல்லாம் அந்தச் சில்லில்தான். அதை வெட்டுமுன் கதவு வாசலில் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யாவிட்டால் நடுவில் தொய்ந்து, கதவு பிறகு மூடவே மூடாது. வெல்டிங்காரர் நோன்புப் பெருநாள் முடிந்துதான் வருகிறார். அதற்குள் கதவு இடைவெளிகளை மேல், நடு, கீழ் என்று அளந்து எழுதி வைத்துவிட வேண்டும், சட்டத்துக்கு இரும்பும் வாங்க வேண்டும்.