விதைக்கு மருந்து, வேருக்குப் பட்டினி

வேலூர் மாவட்டம் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மானாவாரி நிலக்கடலையில் அடிக்கடி நடக்கும் தப்பு: கார்பன்டசிம் (பூஞ்சைக்கொல்லி மருந்து), டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை), ரைசோபியம் (வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா) மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கி, உடனே விதைப்பது. டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே! வேரழுகல் பூஞ்சையைக் கொல்லும் கார்பன்டசிம் அதையும் கொல்லும். காசு கொடுத்து வாங்கி நாமே சாகடிப்பது.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது கார்பன்டசிம் 2 கிராம். மருந்துதான் என்றால் 24 மணி நேரம் கழித்தே, ஆறிய கஞ்சியில் கலந்த ரைசோபியத்தைப் பூசி நிழலில் உலர்த்துங்கள். மருந்து பூசிய விதையைக் கடையில் வாங்கியிருந்தால், ரைசோபியத்தை மட்கிய எருவோடு மண்ணில் தூவுவதே மேல்.

முப்பதாம் நாள் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் தழைச்சத்து வேலை நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

மண்ணில் பூஞ்சைக்கொல்லி மருந்து ஊற்றிய சில நாளில் பயிர் கருகருவென்று பச்சை கட்டுவதுண்டு. பூரித்துப் போகாதீர்கள், செத்த பூஞ்சை இழைகளைப் பாக்டீரியா தின்று அம்மோனியம் வெளிவிடுவதாலும் அப்படி ஆகலாம். மணிச்சத்தை வேருக்கு இழுத்துத் தரும் வேர்ப்பூசணமும் அடிபட்டிருந்தால், அந்த நட்டம் பிறகுதான் தெரியும்.

தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்சிகுளோரைடு வேறு ரகம். கார்பன்டசிமை நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்துவிடும். தாமிரம் உலோகம், சிதையாது, மேல்மண்ணிலேயே சேரும். வாழை, வெற்றிலை, தக்காளிக்கு வருடாவருடம் ஊற்றும் நிலத்தில் மண்புழு குறைந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.