ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கதை எழுதிப் பார்த்த எட்டு மாதம்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூனில் மழை பிடித்துவிட்டால் மத்தியானத்துக்கு மேல் ஆள் வராது, கரண்டும் இருக்காது. மெஷின் ஓடாத கடையில் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு சிறுகதை எழுதிப் பார்க்கலாமே என்று 2024 ஜூனில் ஆரம்பித்தேன். எனக்கும் எழுத்துக்கும் அதுவரை இருந்த உறவு, அடுத்தவருக்கு மனு எழுதிக் கொடுப்பது மட்டும்தான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கதைக்கரு தேடி வெளியே போகக்கூடாது. எனக்கு நடந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் கரடி. வேறென்ன? எங்கள் தெருவுக்கு மேலே இருக்கிற கோயிலில் ராத்திரி கரடி புகுந்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்துவிட்டு, கதவைப் பெயர்த்துப் போட்டுப் போனது. மறுநாள் காலையில் முதலில் பார்த்தது நான். நாலு பக்கம் எழுதினேன். மனு எழுதிய கை இல்லையா, இரண்டாம் பக்கத்தில் ‘மேற்படி கரடியானது’ என்று வந்து நின்றது. அதை அடித்துவிட்டு, திருப்பூரில் இருக்கும் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினேன்.

“நல்லா இருக்குக்கா. நீ போன்ல சொன்னப்பவே கேட்டேன்ல” என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. போனில் சொன்னதையே தாளில் இறக்கி வைத்திருந்தேன். கோத்தகிரியில் கரடி பார்த்த கதை இல்லாத வீடு கிடையாது. கரடி வந்தது, போனது. வருவதற்கு முன் நான் எப்படி இருந்தேனோ போன பிறகும் அப்படியே இருந்தேன். அது செய்தி.

ஜூலையில் முறையை மாற்றினேன். தினமும் ராத்திரி ஐந்து வரி. 80 பக்க நோட்டு ஒன்று, கடையிலேயே இருந்தது. அன்றைக்கு நடந்ததில் மனதில் ஒட்டியது எதுவோ அதை மட்டும் எழுதுவது. சில குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

ஜூலை 9. குஞ்சப்பனை வளைவில் யானை. பலாப்பழ சீசன். பஸ் 20 நிமிடம் நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்ததும் பின்சீட்டில் யாரோ கடலை உரிக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 17. பெரியவர் ஒருவர் மனைவியின் இறப்புச் சான்றிதழை நீட்டினார். எத்தனை காப்பி என்று கேட்டேன். “எத்தன பேரு கேப்பாங்கன்னு தெரியலையேம்மா.”

ஜூலை 22. அரை கிலோ வர்க்கி வாங்கினேன். வீடு போவதற்குள் பாதி காலி.

இப்படி ஆகஸ்ட் பாதிக்குள் 40 குறிப்பு சேர்ந்தது. நோட்டைப் புரட்டினால் சந்தோஷமாக இருக்கும். கதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் நகராது. அந்தப் பெரியவர் சொன்னதை மட்டும் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் எதை வைத்தாலும் பின்னால் எதை வைத்தாலும் அது கெட்டுப்போகிறது. தவிர, என்னை நம்பித்தானே ஆட்கள் காகிதத்தைக் கொடுக்கிறார்கள்? கடைக்கு வரும் காகிதத்தில் இருப்பது கதையில் வராது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவால் ஒரு நல்ல கரு போனது. மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது அல்லவா? உள்ளூர் டி.என். 43 வண்டிகளுக்கு வேண்டாம். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர், கோயம்புத்தூரில் வேலை, கோயம்புத்தூர் நம்பர் கார். அம்மாவைப் பார்க்க வர பாஸ் எடுக்கச் சொல்லி என் கடைக்குப் போன் செய்தார். எதற்காக வருகிறீர்கள் என்ற கட்டத்தில் என்ன போட என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சுற்றுலான்னே போடுங்கக்கா” என்றார். மகனை மகளாக்கி, ஊரை மாற்றி எழுதிப் பார்த்தேன். எவ்வளவு மாற்றினாலும் அது அவருடைய மௌனம்தான், என்னுடையது இல்லை. அவர் அம்மா எனக்குத் தெரிந்தவர் வேறு. கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில்தான் திருப்பம். அது நடந்தபோது திருப்பம் என்று தெரியவில்லை, வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து எடுத்தால் மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுபோவது வீட்டுக்காரர் வேலை. அன்று அவருக்குக் காய்ச்சல், நான் போனேன். வீட்டு ஸ்பிரிங் தராசில் இரண்டு மூட்டையும் சேர்த்து 46 கிலோ. இலை வண்டியில் வந்தவர் தன் தராசில் தூக்கினார், முள் நிற்பதற்குள் இறக்கினார், சீட்டில் 40 என்று எழுதினார். சாக்குக்குக் கொஞ்சம், மழைத் தண்ணிக்குக் கொஞ்சம். அன்று மழையே இல்லை. பசுந்தேயிலை கிலோ இருபது ரூபாய் என்றே வைத்தாலும் 120 ரூபாய். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். நான் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சீட்டைப் பார்த்தார். “நாப்பதா?”

“சும்மா விடுவேனா அத்தை? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுதான் வந்தேன். அடுத்த தடவை சரியா போடறேன்னு சொல்லியிருக்கான்” என்றேன்.

எங்கிருந்து அந்த வாக்கியம் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தைக்கு ஒரே பெருமை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். நோட்டில் பொய் எழுத என்ன இருக்கிறது? ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால், வீட்டில் சொன்னது ஒரு பக்கமும் நடந்தது ஒரு பக்கமும் நிற்கிறது. நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். எனக்கு அவளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனால் அடுத்து என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அத்தை இதைப் பக்கத்து வீட்டில் சொல்லாமல் இருப்பாரா? சொன்னால், அந்த வீட்டுக்காரி அடுத்த வாரம் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “எனக்கும் நீயே கேட்டுக் குடு” என்று நின்றால்?

மூன்று மாதமாக நகராதது அந்தக் கேள்வியில் நகர்ந்தது.

மறுநாளே நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் நான் வெளியே சொன்னது. பழைய குறிப்புகளுக்கும் யோசித்து யோசித்து நிரப்பினேன். ஐம்பது சொச்சத்தில் பதினொன்று மாறியிருந்தது. கரடியைக்கூட மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். முதலில் பார்த்தது நான் இல்லை. பூசாரியின் மகன் பார்த்துச் சொன்ன பிறகு போனவள் நான். இதைப் பற்றி யாரும் கேட்காதபோதே ஏன் மாற்றினேன்? கரடியை விட இது பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது.

சரி, மாற்றிச் சொன்னதெல்லாம் கதை ஆகிவிடுமா என்றால் ஆகாது. வர்க்கியைப் பாதி தின்றுவிட்டு, “கடையில அவ்வளவுதான் இருந்துச்சு” என்று சொன்னதை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அது துணுக்கு, அதற்கு மேல் உப்பு இல்லை. இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்தப் பொய்யை நம்பி இன்னொருவர் ஏதாவது செய்யக் கிளம்புவாரா? கிளம்பினால் எழுதலாம். யானை விஷயத்தில் என் மகளிடம், “அம்மாவுக்குக் கொஞ்சம்கூட பயமில்ல, ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன்” என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை அதை நம்பி ஒரு நாள் யானைக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்ததும் கை நடுங்கியது. அதை இன்னும் எழுதவில்லை. முதலில் அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

மூட்டைக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் நன்றாகக் கொட்டும். அக்டோபர் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தேன். முதல் வரைவு ‘நான்’ என்று தன்மையில். மூன்று வரிக்கு ஒரு தரம் என் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் காய்ச்சல்காரர், கடை திறக்க நேரமாகிவிட்டது, பின்னால் வரிசை, இப்படி. கதைக்குள்ளேயும் மனு எழுதியிருக்கிறேன் என்று புரிந்தது. ‘அவள்’ என்று படர்க்கைக்கு மாற்றினேன். நியாயங்கள் தானாக உதிர்ந்தன, ஆனால் ஆள் மரக்கட்டை ஆகிவிட்டாள். மூன்றாவது தடவை மாமியாரைச் சொல்ல வைத்தேன். மருமகள் சண்டை போட்டுவிட்டு வந்ததாக நம்பும் மாமியார். அவருக்குத் தெரியாதது வாசிக்கிறவருக்குத் தெரியும். ஒரே உட்காரலில் ஒன்பது பக்கம் வந்தது.

அதில் நாலு பக்கத்தை வெட்டினேன். வெட்டியதில் பாதி மேகம். மலையில் இருந்து எழுதுகிற எல்லாரும், நானும்தான், மேகம் இறங்கியது, மேகம் விலகியது என்று ஆரம்பிக்கிறோம். கதையில் யாருக்கும் அந்த மேகத்தால் ஒரு வேலையும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் விட்டுவைத்தேன், மூட்டையில் ஈரம் ஏறுவதற்கு. எடை போடுகிறவருக்கு வேறு ஊர், வேறு வயது கொடுத்தேன். வில்லனாக எழுதியிருந்ததையும் மாற்றினேன். அவருக்கும் ஃபேக்டரியில் எடை போட்டுக் கழிப்பார்கள், அவர் கணக்கு அவருக்கு. இது எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது, ரோட்டில் நின்றபோது இல்லை.

தங்கச்சிக்கு அனுப்பினேன். ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. “அக்கா, அந்த மாமியாருக்குக் கடைசியில தெரிஞ்சுதா இல்லையா?”

போனில் கேட்ட கதைதானே என்று அவள் சொல்லவில்லை.

நடுவில் தோற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். 2009 நவம்பர் மண்சரிவு பற்றி எழுத முயன்றேன். மூன்று தடவையும் பேப்பர்க்காரர் பாஷைதான் வந்தது. நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று அம்மா கதை. நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்த குடும்பம். 1973இல் ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் தாத்தாவுக்கு அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயில் வேலை கிடைத்து இங்கே. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, நடுவில் கோடு போட்ட நோட்டு வந்தபிறகு வேறு மாதிரி கேட்டது. அவர்கள் விட்டுவிட்டு வந்த நாய் ஒன்று உண்டு. லாரிக்குப் பின்னால் வளைவு வரைக்கும் ஓடி வந்தது என்று சொல்வார். தங்கச்சி கல்யாணத்தின்போது சொன்னதில், கிளம்புவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. டிசம்பரில் ஒரு நாள் அடுப்படியில் போய், “அம்மா, உண்மையிலே அந்த நாய் என்னாச்சு?” என்று கேட்டேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே, “எந்த நாய்?” என்றார். நான் சரியென்று வந்துவிட்டேன். கப்பலில் என்ன சாப்பிட்டார்கள் என்று நானாக எழுதியிருந்த பத்தியை வாசித்துக் காட்டியபோது மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கதை என் கைக்கு இன்னும் வரவில்லை.

ஜனவரியில் பொங்கல் வரைக்கும் கணக்கு இது: நோட்டு இரண்டு, குறிப்பு 130, ஆரம்பித்த கதை ஒன்பது, முடிந்தது மூன்று, அடுத்தவருக்குக் காட்டக்கூடியது ஒன்று. அந்த ஒன்றில்தான் சிக்கல் வந்தது.

பொங்கல் கழிந்த வாரம், காலையில் புல்லெல்லாம் உறைபனி. அத்தை வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி போனில் உளறியிருக்கிறாள். “என்னப் பத்தி என்னமோ எழுதியிருக்கியாமே, கண்ணாடி சரியா தெரியல, நீயே படி” என்றார். தப்பிக்க வழியில்லை. நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மாமியார் பக்கத்து வீட்டில் பெருமை பேசுகிற இடத்தில் சிரித்தார். கொழுந்து முற்றிப்போனது பற்றி நான் எழுதியதில் ஒரு தப்பைத் திருத்தினார். கடைசிப் பக்கம் வந்தது. மருமகள் வாயே திறக்காமல் சீட்டை வாங்கி இடுப்பில் செருகினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் இடம். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்தியை மாற்றிப் படித்தேன்.

ராத்திரி நோட்டில் 131 என்று போட்டு, கோட்டுக்கு இடது பக்கமும் வலது பக்கமும் எழுதினேன்.