காரைக்குடிப் பக்கம் கதை வாசிக்கப் போகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காது பழகியவர்கள். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, பங்குனி வந்தால் விழா, கடைசி நாள் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஊர். தாள் இல்லாமல் பாட்டுப் பாட்டாகச் சொல்லி அசத்தும் பேச்சாளர்களைப் பார்த்தவர்கள் முன்னால், முதல் தொகுப்பை வைத்துக்கொண்டு நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள். ‘பார்த்துப் படிக்கிறார்’ என்பதே இங்கே பாதிக் குறை. அதனால் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மேடையேற வேண்டாம். வாசிக்கும் பிரதி என்று ஒன்றைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும்.

முதலில் நேரம். மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிஷத்துக்கு 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள்தான் போகும். 10 நிமிஷம் கொடுத்தால் 900 சொற்கள், அதாவது சாதாரண அளவுப் புத்தகத்தில் நாலு பக்கம். முழுச் சிறுகதை பெரும்பாலும் இதற்குள் அடங்காது. கதைச் சுருக்கம் சொல்லிவிட்டு முடிவை மட்டும் வாசிப்பவர்கள் உண்டு. அது வேண்டாம், சுருக்கம் சொல்லும்போதே கூட்டம் கதையை விட்டுவிடும். தொடக்கத்திலிருந்து ஒரு காட்சி முடியும் இடம்வரை வாசித்து நிறுத்துவது நல்லது. மீதியைத் தேடிப் புத்தகத்துக்கு வருவார்கள்.

10 நிமிஷம் என்று சொன்னார்களே தவிர, அது கிடைக்கும் என்று நம்ப முடியாது. வரவேற்புரையில் 1919-இல் பாரதி காரைக்குடி வந்தது, இந்து மதாபிமான சங்கத்தைப் பாடியது, சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தது எல்லாம் வரிசையாக வரும். எல்லாம் உண்மைதான், கேட்கவும் இனிமைதான். ஆனால் தலைமையுரை, வாழ்த்துரைகள் முடிந்து உங்கள் முறை வரும்போது ‘ஆறு நிமிஷத்துல முடிச்சுக்குங்க தம்பி’ என்று காதில் சொல்வார்கள். பிரதியிலேயே பென்சிலால் கட்டம் போட்டு, எந்த இரண்டு பத்தியை விட்டால் கதை அறுபடாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். மேடையில் நின்றுகொண்டு வெட்டினால், பின்னால் வரப்போகிற ஒரு பாத்திரத்தின் அறிமுகம்தான் எப்போதும் வெட்டுப்படும்.

அடுத்தது, காதுக்காக வாக்கியத்தை மாற்றுவது. அச்சில் இப்படி இருக்கும்: “நாளைக்குள்ள வளவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துடணும்” என்றாள் ஆச்சி. கண்ணுக்கு இது சிக்கலில்லை. பார்வை முன்னே ஓடி ‘ஆச்சி’யைப் பிடித்துவிடும். கேட்பவருக்கோ யார் பேசினார் என்பது வாக்கியம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. வாசிக்கும் பிரதியில் ‘ஆச்சி சொன்னாள்’ என்பதை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். நாலைந்து உரையாடல் தொடர்ந்து வந்தால் முதல் இரண்டுக்கு மட்டும் பெயர் போதும், மற்றதைக் குரல் பார்த்துக்கொள்ளும். அதற்காக மிமிக்ரி செய்ய வேண்டாம். இருவருக்கும் இடையே ஒரு மூச்சு இடைவெளி விட்டாலே போதும்.

‘போய், பார்த்து, திரும்பி, யோசித்து’ என்று எச்சங்களை அடுக்கி வினையைக் கடைசியில் வைக்கும் நீண்ட வாக்கியங்களை மூன்றாவது எச்சத்தோடு முறித்துவிடுங்கள். நினைவோட்டத்துக்காக அச்சில் விட்ட வெற்று வரி காதில் விழாது. அங்கே ‘அதற்கு முந்தின வருஷம்’ என்று ஒரு வரி சேர்த்தால்தான் ஆள் கூட வருவார். பெயர்களும் தொல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. ஒரே காட்சியில் மெய்யப்பன் இரண்டு பேரும் மெய்யம்மை ஒருவரும் இருந்தால் மூன்றாவது வரிசை குழம்பிவிடும். வாசிக்கும்போது ‘தாத்தா’, ‘பேரன்’ என்றே சொல்லிவிடலாம்.

ழகர ளகரத்தை முன்கூட்டியே சத்தம்போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மேடையில் ‘வாளைப்பளம்’ விழுந்தால், பின்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிடுவார். கூட்டம் முடிந்ததும் அதை மட்டும்தான் பேசுவார்.

தாள் விஷயம்: ஏ4-இல் ஒரு பக்கம் மட்டும், 16 பாயின்ட் அளவு எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, மேல் மூலையில் பெரிதாகப் பக்க எண். தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம். புரட்டும் சத்தத்தை மைக் பெரிதாக்கும். படித்த தாளை அப்படியே பக்கத்தில் நகர்த்திவிடலாம். பக்கத்தின் கடைசி வரியில் வாக்கியம் முடிந்திருப்பது நல்லது. ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு கோப்பாகக் கொண்டுபோனால், உங்கள் எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் கொம்பும் காலும் சிதறிவிடும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். செல்போனைப் பார்த்து வாசிப்பதாக இருந்தால் விமானப் பயன்முறை கட்டாயம். திரை அணையும் நேரத்தையும் மாற்றிவைக்க வேண்டும்.

மணிமண்டபம், நூலகம் போன்ற இடங்களில் பெரிய பிரச்சினை வராது. கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் வழியாகப் போனால் நூலகரே ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்வார். பூட்டும் நேரத்தை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய நகரத்தார் வீட்டில் கூட்டம் வைப்பதில்தான் கவனம் வேண்டும். படத்துக்கு அழகு, காதுக்குச் சோதனை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயர்ந்த கூரை என்று எல்லாமே வழவழப்பும் கெட்டியும். சத்தம் பட்டுத் திரும்பும். முந்தின சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். அதற்குப் பயந்து மைக் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். சத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைப்பதே வழி. தரையில் ஜமுக்காளம் விரித்து ஆட்களை உட்கார வைத்தால் பாதி எதிரொலி அடங்கும், இரும்பு நாற்காலி கிறீச்சிடும் தொல்லையும் இல்லை. மாலை 4 மணிக்குக் காலி வீட்டில் மைக் சோதித்துவிட்டு ‘ரொம்ப எதிரொலிக்குதே’ என்று பதற வேண்டாம். ஆட்கள் நிறைந்தால் அவர்களே சத்தத்தை உறிஞ்சுவார்கள்.

வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், நாலு பக்கத் தாழ்வாரத்திலும் ஆட்களை உட்கார வைத்துவிட்டால் ஒரு பக்கத்தாருக்கு உங்கள் முதுகுதான், இன்னும் சிலருக்குத் தூண்தான் தெரியும். குறுகலான பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு மற்ற மூன்று பக்கத்தில் மட்டும் உட்கார வையுங்கள். நடுமுற்றம் வானம் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அந்தச் சத்தத்துக்கு மேல் எந்தக் கதையும் ஏறாது. இருட்டும் நேரத்தில் கூடு திரும்பும் புறாக்களும் சும்மா இருக்காது. ஆறரைக்குப் பிறகு தொடங்குங்கள்.

மைக்கை வாயிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் பட்டாசு வெடிக்கும். ஸ்பீக்கர் பெட்டி உங்களுக்குப் பின்னால் இருந்தால் மைக் அதன் சத்தத்தையே வாங்கி ஊளையிடும். பெட்டிகளை உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி வைக்கச் சொல்ல வேண்டும். சவுண்ட்காரர் சின்ன கூட்டம்தானே என்று புனல் குழாயைக் கட்டப் பார்ப்பார். அம்மன் பாட்டுக்கு அது சரி, கதைக்கு ஆகாது.

தேதி குறிக்கும்போது முகூர்த்தநாளைப் பார்க்காதவர்கள் வெறும் நாற்காலிகளுக்கு வாசிப்பார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடைப்பயணம் கிளம்பும் நாட்கள், கொப்புடையம்மன் திருவிழா, மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம் இவற்றையும் தவிர்க்க வேண்டும். அப்போது ஆளும் கிடைக்காது, மைக் செட்டும் கிடைக்காது.

அழைப்பிதழில் தலைப்பெழுத்துகளை அவரவரிடமே எழுதி வாங்குங்கள். இங்கே ‘அரு.’, ‘மெய்.’, ‘சிதம்.’ என்று மூன்று நாலு சேர்ந்து வரும். ஒன்று முன்பின் மாறினால் வேறு வீட்டுக்காரர் ஆகிவிடுவார். வாழ்த்துரைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். கேட்கத்தான் யாருமில்லை.

புத்தகம் விற்கும் மேசையில் நீங்கள் உட்கார வேண்டாம். ஆசிரியர் எதிரே இருந்தால் புரட்டிப் பார்க்கவே பலர் கூச்சப்படுவார்கள். 50 பேர் கூட்டத்தில் 10 பிரதி போனால் நல்ல விற்பனை. மேடையில் இருப்பவர்களுக்கு 6, 7 இலவசமாகப் போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்து 25 கொண்டுபோனால் போதும். விலை 180 என்றால் அன்றைக்கு 150 என்று அட்டையில் எழுதி வையுங்கள். சில்லறைத் தகராறு குறையும். கியூஆர் அட்டையோடு 50 ரூபாய் நோட்டாகக் கொஞ்சமும் இருக்கட்டும். ஏற்புரைக்கு 3 நிமிஷம் போதும். தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் அதற்குள் பஸ்ஸை நினைத்துப் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள்.