மேலே வரும் கை

ஜனவரி 6

கிட்டார் வகுப்பில் இன்று முழுக்க ஒரே தந்தி. மூன்றாவது. இடது கையை மடியில் வைத்துக்கொள் என்றார், எனக்குச் சொல்லித்தரும் பெரியவர். தாளம் தட்டும் மெட்ரோநோம் நிமிடத்துக்கு 60-ல். தாளம் விழும்போது பிக், தந்தியை மீட்டும் அந்தச் சின்னத் தகடு, கீழே போக வேண்டும், இரண்டு தட்டுக்கு நடுவே மேலே வர வேண்டும். ஸ்வரம் இல்லாத இடத்திலும் கை நிற்கக் கூடாது. தந்தியைத் தொடாமல் சும்மாவாவது போய் வர வேண்டும். ஒரு மணி நேரம் இதுதான். மேலே வரும் என் அப் ஸ்ட்ரோக் நோயாளி மாதிரி ஒலிக்கிறது.

ஜனவரி 9

விரல் நுனியெல்லாம் எரிகிறது.

ஜனவரி 14

கிட்டார் மேதை டாக் வாட்சனின் ஊரான டீப் கேப், இங்கே வட கரோலினாவில், பக்கம்தான். 1950-களில் அவர் இருந்த நடன இசைக் குழுவில் ஃபிடில், அதாவது வயலின், வாசிக்க ஆள் இல்லை. ஆட வந்தவர்களுக்கோ ஃபிடில் மெட்டுகள் வேண்டும். கைக்குழந்தையிலேயே பார்வை போன அந்த மனிதர் அத்தனையையும் கிட்டாரில் பிக்கால் வாசித்துவிட்டார். பெரியவர் எனக்கு இதைச் சொன்னது கதைக்காக அல்ல. "ஃபிடில் வில் போகும்போதும் பேசும், திரும்பும்போதும் பேசும். உன் பிக் போகும்போது மட்டும்தான் பேசுது."

ஜனவரி 15

வெள்ளிக்கிழமை பெரியவருக்கு ஏதோ மருத்துவப் பரிசோதனையாம். அவர் மனைவி சொன்னார். எதற்கென்று கேட்க வாய் வரவில்லை.

ஜனவரி 21

அவருடைய பிக்கை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கூர் முனையில் வாசிப்பதில்லை, உருண்டையான மூலையில்தான் வாசிக்கிறார். அந்த மூலை இரண்டு முகத்திலும் சம அளவு சரிவாகத் தேய்ந்து, கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறது. என் பிக்கைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முகம் தேய்ந்திருக்கிறது. மறு முகம் கடையில் வாங்கியபடியே இருக்கிறது.

ஜனவரி 25

கிங் தெருவில் டாக்கின் வெண்கலச் சிலை, பெஞ்சில் கிட்டாரோடு. மடியில் பனி. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 2

வகுப்பு இல்லை.

போன வாரம் காபி ஊற்றும்போது அவர் வலது கை நடுங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கிட்டார் கலைஞர் டோனி ரைஸுக்கு 1994-ல் பாடும் குரல் போனது, பிறகு முழங்கை. 2013-க்கு அப்புறம் மேடையில் அவர் கிட்டார் வாசிக்கவில்லை. இதையெல்லாம் இப்போது ஏன் தேடிப் படிக்கிறேன்? பெரியவர் கை நின்றுபோனால் நான் யாரைக் கேட்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அவருக்கு என்ன ஆகும் என்பதற்கு முன்னால் அது வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை மூன்றாவது தந்தி.

பிப்ரவரி 3

மெட்ரோநோம் 80-ல்.

பிப்ரவரி 6

பெரியவர் போனில் கூப்பிட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டு 'பிளாக்பெர்ரி பிளாஸம்' என்ற ஃபிடில் மெட்டை வாசிக்கச் சொன்னார். முதல் பகுதியில் இரண்டு தட்டுக்கு ஒரு முறை கார்டு, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறும், மூச்சுவிட இடமில்லை. இரண்டாம் பகுதி சோகம் கலந்த இ மைனர் கார்டுக்குள் இறங்கும்போதுதான் மெட்டுக்கு முகம் வருகிறது. அங்கேதான் தடுமாறினேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "மேலே வர்றது இப்ப கொஞ்சம் கேட்குது" என்றார். பரிசோதனை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

நாளை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் வாசிப்பாராம், நான் ரிதம் பிடிக்க வேண்டுமாம். தந்திகளை மாற்றிவிட்டேன். பிக்கின் மறு முகத்தைத் தடவிப் பார்க்கிறேன், லேசாக ஒரு சரிவு