வழுக்கையாற்றில் ட்ரை ஃப்ளை: நாலு மணித்தியாலம், ஒரு மீன்

கடைசியில் ஒன்று கொழுவிவிட்டது. உள்ளங்கை அளவுத் திலாப்பியாதான், ஆனால் ட்ரை ஃப்ளையை, அதாவது இறகால் கட்டின மிதக்கிற செயற்கை ஈயை, மேலே வந்து உறிஞ்சி எடுத்தது, அதுவும் ஓடுகிற தண்ணீரில். கனடாவில் இருக்கிற அண்ணாவுக்குப் படம் அனுப்பினால், "இதுக்கோடா அந்த அஞ்சாம் நம்பர் தூண்டில் ரொட்டை அனுப்பினனான்?" என்று பதில் வருகிறது. அவருக்கென்ன, ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில் இறங்கினால் ஷாண்ட் அணையின் அடியிலிருந்து விடுகிற தண்ணீர் கோடையிலும் குளிர்ந்துதான் கிடக்கும், பிரவுண் ட்ரவுட் நிற்கும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆறு என்று இருப்பது இந்த வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும்.

மழை விட்ட மறுநாள் விடியவே கந்தரோடைப் பக்கம் போய்விட்டேன். இரவு பறந்த ஈசல் செத்து நீரில் மிதந்து வர, எதிர்க்கரைப் புல்லடியில் மீன் 'ப்ளக், ப்ளக்' என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஈசல் மாதிரிக் கட்டின என் ஈயை மட்டும் ஒன்றும் தொடவில்லை. கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது, மானக்கேடு.

எல்லாம் இழுவைதான். நடு ஆறு வேகம், புல்லடி மந்தம். லைன் நடுவில் விழுந்ததும் வில்லாக வளைந்து ஈயைப் பிடித்து இழுக்கும், இரண்டு செக்கனில் ஈக்குப் பின்னால் சின்னதாக ஒரு கோடு விழும். செத்த ஈசல் எங்காவது கோடு கிழித்துக்கொண்டு போகுமா? லைனைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் ஈயும் சேர்ந்து துள்ளியது. அப்புறம்தான் விளங்கியது, லீடர் (லைன் நுனிக்கும் ஈக்கும் இடையில் கட்டுகிற மெல்லிய தங்கூசி) கட்டை. ஒன்பது அடி கொண்டுபோனது, பின்வீச்சில் வடலியில் மாட்டி, கருக்கு அறுத்து, மிச்சம் ஆறு அடிகூட இல்லை. டவுனில் 0.15 மி.மீ. என்று சொல்லி விற்ற தங்கூசியை மூன்று அடி முடிந்தேன். (வீட்டுக்கு வந்து அளந்தால் 0.19. கடைக்காரரோடு கதைக்க இருக்கு.)

வேலை செய்தது என்னவென்றால், ரொட்டை உயரத்தில் நிறுத்தி, லைன் காற்றில் இருக்கும்போதே நுனியை மேல்நீர்ப் பக்கம் சரித்துவிடுவது. லைன் விழும்போதே வளைவு எதிர்ப்பக்கம் இருக்கும், ஆறு அதை நேராக்கி முடிக்கும்வரை ஈ தன்பாட்டில் மிதக்கும். இரண்டு செக்கன் நாலாகும், அவ்வளவுதான். பத்து மணிக்குக் கிட்ட அந்த நாலாவது செக்கனில்தான் இந்தத் திலாப்பியா.

ஈ கட்டினது நான்தான், 14ஆம் நம்பர் கொக்கியில். சேவலின் கழுத்திறகுதான் வேண்டும், பேட்டினது தண்ணீரைக் குடித்துவிடும். இறகு மயிரின் நீளம் கொக்கி வாய் அகலத்தின் ஒன்றரை மடங்கு. பக்கத்து வீட்டு மாமி, "தம்பி, எங்கட சேவலின்ர கழுத்தென்ன மொட்டையாக் கிடக்கு?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறா. ஈ மிதக்கவென்று வாசலின் களிம்பு பூசினால் மயிர் ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் கூடினாலே பிழை. நனைந்த ஈயைக் காயவைக்க, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல்லைத் தூளாக்கி, ஒரு மருந்துப் போத்தலில் போட்டு, ஈயையும் போட்டுக் குலுக்குங்கள். புதுசு மாதிரி வரும்.

அடுத்தது நுவரெலியா ட்ரவுட், மச்சான் லீவு எடுத்தால். அதற்கு முன் கடல்நீரேரியில் இருக்கிற பண்ணைப் பாலத்தடியில் ஒரு பின்னேரம் பார்க்கவேண்டும், வற்றுநேரத்தில் பாலக்கண்ணுக்குள்ளால் தண்ணீர் ஆறு மாதிரித்தான் ஓடும். ஆனால் இந்த ஈசலே இன்னும் முடியவில்லை, செட்டை பத்து வீச்சில் முறுகி லீடரைத் திருகிவிடுகிறது. தாராவின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள பஞ்சுச் சிறகில் கட்டிப் பார்க்கலாம் என்று யோசனை, அது தானாகவே மிதக்கும், வாசலின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தாரா வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால், அடுத்தமுறை அறுக்கும்போது அந்தச் சிறகை எறிந்துவிடாதீர்கள், சைக்கிளில் வந்து எடுக்கிறேன்.