கும்பகோணத்தில் எத்தனை மணிக்கு எதைச் சாப்பிடுவது

ஜூலை 13, ஞாயிறு

வெளியூர்க்காரர்கள் கேட்பது, "எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்று. "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேளுங்கள், நல்ல சாப்பாடு அதில்தான் இருக்கிறது.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் வார இறுதிக் காலையில்தான் போடுவார்கள். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்துவிட்டு ஒரு கொதி. இறக்கிய பிறகே எலுமிச்சைச் சாறு. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். வீட்டில் நாலு பேருக்குச் செய்ய, கால் கப் பருப்பு, இரண்டு கிழங்கு, கால் மூடித் தேங்காய் போதும். பொட்டுக்கடலை ஒரு ஸ்பூனைத் தாண்டினால் களிதான்.

அண்டாவில் இருக்க இருக்க அது இறுகும். வெந்நீர் விட்டு இளக்குவார்கள், சோம்பு மணம் போய்விடும். எனவே எட்டு மணிக்குள் போய்விடுங்கள். உட்காரும் முன்பே "கடப்பா இருக்கா?" என்று கேளுங்கள். இட்லி மேல் ஊற்றினால் தண்ணீராக ஓடக் கூடாது, குவிந்தும் நிற்கக் கூடாது; விளிம்பு வரை வந்து மெல்ல இறங்க வேண்டும். அந்தப் பதத்தில் கிடைத்தால் சட்னியைத் தொடவே வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

டிகிரி காபி. பித்தளை டபராவை நம்பி நெடுஞ்சாலைக் கடைகளில் ஏமாறாதீர்கள். வேண்டியது தண்ணீர் சேராத பசும்பாலும் முதல் டிகாக்‌ஷனும். காலை ஆறு மணிக்கும், சாயங்காலப் பால் வந்ததும் குடியுங்கள். பதினொரு மணிக்குப் போனால், திரும்பத் திரும்பக் காய்ந்து ஆடை கட்டிய பால்தான். அதன் தித்திப்பில் காபியின் கசப்பே தெரியாது. சர்க்கரை கம்மி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூலை 16, புதன்

மதியம் பன்னிரண்டரை வாக்கில் கோயில் நடை சாத்துவார்கள். சுற்றுலா பஸ் கூட்டம் அத்தனையும் மெஸ்ஸுக்கு வரும். பன்னிரண்டுக்கே இலை போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

ஜூலை 19, சனி

திருவையாற்றுக்குப் போனால் அசோகா அல்வா. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய். சூடாக, அங்கேயே நின்று சாப்பிடுங்கள். ஆறினால் நெய் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். ஊருக்கு வாங்கிப்போனால் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் மேல் ஐந்து நிமிஷம் வையுங்கள், நெய் மறுபடி இளகி வரும்.